‘ஆல்’ வரும் வாக்கியத்தைத் திருப்பிப் பார்ப்பது எப்படி?

வீட்டு மின்னிணைப்பில் மட்டுமே இயங்கும் ஒரு விளக்கை எடுத்துக்கொள்வோம். ‘விளக்கு எரிந்தால் மின்சாரம் இருக்கிறது’ என்பதை ஏற்றுக்கொண்ட ஒருவர், விளக்கு எரியாததைக் கண்டதும் மின்சாரம் போய்விட்டது என்று முடிவுகட்டினால், அந்த வாக்கியம் சொல்லாத ஒன்றை அவர் நம்பிவிட்டார். பல்பு பழுதாகியிருக்கலாம், சுவிட்ச் போடப்படாமலும் இருக்கலாம்.

சரியாகத் திருப்ப இரண்டு வேலைகளையும் சேர்த்தே செய்ய வேண்டும்: இரு பகுதிகளையும் மறுக்க வேண்டும், அவற்றின் இடத்தையும் மாற்ற வேண்டும். அப்போது ‘மின்சாரம் இல்லாவிட்டால் விளக்கு எரியாது’ என்று கிடைக்கும். விளக்கு எரிகிறது, ஆனால் மின்சாரம் இல்லை என்ற ஒரே நிலையில்தான் மூல வாக்கியம் பொய்யாகும்; இதுவும் அதே நிலையில் மட்டுமே பொய்யாவதால் இரண்டும் தர்க்கச் சமானமானவை. இடத்தை மட்டும் மாற்றினால் கிடைப்பது மறுதலை. அதுவும், மறுப்பு மட்டும் செய்த வாக்கியமும் தமக்குள் சமானமானவையே தவிர, மூலத்தோடு அல்ல.

இதில் தடுமாறுவது இயல்பு. உளவியலாளர் பீட்டர் வேசன் 1966இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பக்கம் எழுத்தும் மறுபக்கம் எண்ணும் கொண்ட நான்கு அட்டைகள், உயிரெழுத்து, மெய்யெழுத்து, 4, 7 ஆகியவை தெரியும்படி வைக்கப்படும். ‘ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்’ என்பதைச் சரிபார்க்க எவற்றைப் புரட்ட வேண்டும்? பெரும்பாலோர் உயிரெழுத்தையும் 4ஐயும், அல்லது உயிரெழுத்தை மட்டும் தேர்ந்தனர். புரட்ட வேண்டியவை உயிரெழுத்தும் 7உம்தான். 7இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி உடைந்துவிடும், 4இன் பின்னால் எது இருந்தாலும் உடையாது.

தமிழில் கூடுதல் கவனம் கோருவது ‘தான்’ என்னும் சிறு சொல். எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்ததும் இதுவே. ‘கடவுச்சொல் தந்தால் கணக்கு திறக்கும்’ என்பது ஓர் உறுதிமொழி. ‘தந்தால்தான் திறக்கும்’ என்பதோ, கணக்கு திறந்திருந்தால் கடவுச்சொல் தரப்பட்டிருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. தந்த பிறகு குறுஞ்செய்தியில் வரும் எண்ணையும் அது கேட்கக்கூடும். ‘தந்தாலொழியத் திறக்காது’ என்பதற்கும் இதே பொருள்தான்.

திருப்பிய வாக்கியம் சில வேளை விபரீதமாக ஒலிக்கும். ‘மழை பெய்தால் குடை எடுப்பாள்’ என்பதைத் திருப்பி, ‘குடை எடுக்காவிட்டால் மழை பெய்யாது’ என்றால், குடைதான் மழையை வரவழைப்பது போலாகிவிடும். அத்தகைய இடத்தில் ‘குடை எடுக்கவில்லை என்றால், மழை பெய்யவில்லை என்று பொருள்’ என எழுதுங்கள்.