தலையில் அடித்துச் சத்தியம் வாங்காதீர்கள்

பாலக்கோடு பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் பி.டி. டீச்சர். வகுப்பறையில் தெரியாதது மைதானத்தில் தெரிந்துவிடும். ஏப்ரல் வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்து இழுத்து விட்டுக்கொள்வாள் ஒருத்தி. கபடி என்றால் முதல் ஆளாக வந்தவள் ஒரு மாதமாக "வயித்து வலி மிஸ்" என்று வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்திருப்பாள். பையன்களும் உண்டு. அவர்கள் "விழுந்துட்டேன்" என்று சிரித்தபடி சொல்வதால் யாரும் கவனிப்பதில்லை.

பிள்ளை தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டதைப் பார்த்ததும் பெற்றவர்களுக்கு இரண்டே எண்ணம்தான் வருகிறது. ஒன்று, சாகத் துணிந்துவிட்டது. இல்லையென்றால், நம்மை மிரட்டுகிறது. பெரும்பாலும் இரண்டும் இல்லை. அப்பா, அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார்கள். பிள்ளை ஆயாவோடு இருக்கும். மார்க், காதல், கேலி, வீட்டுச் சண்டை, சில நேரம் வெளியே சொல்ல முடியாத பாலியல் தொல்லை என எதுவாகவும் இருக்கலாம். அழவும் தெரியாமல், சொல்லவும் ஆளில்லாமல் நெஞ்சுக்குள் முட்டுவதை ஒரு நிமிடம் அடக்க உடம்பை நோகடிக்கிறார்கள். அந்த நிம்மதி நிற்பதில்லை. பின்னாலேயே வெட்கம் வரும், வெட்கம் மறுபடியும் அதே இடத்தில் கொண்டுபோய் விடும். சாகும் எண்ணம் இல்லாமல் தொடங்கினாலும், இது தொடரத் தொடரத் தற்கொலை ஆபத்து கூடுகிறது. அதனால் "வயசுக் கோளாறு, சரியாப்போயிடும்" என்று விடவும் கூடாது.

முதலில் காயத்தைக் கவனியுங்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி, துணியால் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் நிற்காவிட்டாலோ காயம் ஆழமாக இருந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். எதையாவது விழுங்கியிருந்தால், பிள்ளை தெம்பாகத் தெரிந்தாலும் உடனே 108. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ கையோடு எடுத்துப் போங்கள்.

அடுத்துதான் பேச்சு. நம் வீடுகளில் இந்த இடத்தில் தவறாமல் நடப்பது சத்தியம் வாங்குவது. "என் தலைமேல அடிச்சு சொல்லு, இனிமே பண்ண மாட்டேன்னு." பிள்ளை அழுதுகொண்டே அடித்துக் கொடுக்கும். பத்து நாள் கழித்து மனசு தாங்காத ஒரு ராத்திரி வரும். இப்போது அதற்குப் பழைய வேதனையோடு, அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். அம்மாவிடம் சொல்லும் வழியை அம்மாவே அடைத்துவிட்டாள். பிறகு காயம் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விடும், அவ்வளவுதான். ஒரு தாய் என்னிடம் "சத்தியம் பண்ணிட்டா மிஸ், நின்னுடுச்சு" என்றார். நின்றது காட்டுவது மட்டும்தான்.

சத்தியத்துக்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மறுபடி அப்படித் தோணுச்சுன்னா ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் என்னை எழுப்பு. திட்ட மாட்டேன். எதுவும் பேச வேண்டாம், பக்கத்துல வந்து படுத்துக்கோ." அந்த உந்துதல் அலைபோல் ஏறி, கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். அதுவரை யாராவது கூட இருந்தால் போதும். மொட்டைமாடியில் நடப்பதோ முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடித்துக்கொள்வதோ, எது ஒத்துவருகிறது என்று பிள்ளையே சொல்லட்டும்.

"செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் வேண்டாம். பேச முடிந்ததே என்று பிள்ளைக்குப் பாரம்தான் குறையும். ஆமாம் என்றால் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மா, தக்காளிக்கு அடிக்கிற மருந்து நம் ஊரில் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும். அதையும், தாத்தாவின் சுகர் மாத்திரை உட்பட வீட்டு மாத்திரைகளையும் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சந்தேகமாக நினைக்காதீர்கள், ஒரு மோசமான பத்து நிமிடத்தைக் கடக்க உதவுகிற பூட்டு அது.

காத்து கருப்பு என்று மந்திரிக்கப் போகிறவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. கயிறு கட்டுங்கள், ஆனால் டாக்டரையும் பாருங்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று தயங்குகிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர், வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார், தண்டிக்கப்பட மாட்டார் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு. கூச்சமாக இருந்தால் 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை, காசில்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். பிள்ளையை யாராவது துன்புறுத்துகிறார்கள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

ஆசிரியர்களுக்கு ஒன்று: இதை ஸ்டாஃப் ரூமில் பேசாதீர்கள், பிரேயரில் அறிவுரையாகவும் சொல்லாதீர்கள். தெரிய வேண்டியவருக்கு மட்டும், பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, சொல்லுங்கள்.

நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போதே திரும்ப ஒருமுறை நடக்கலாம், குறிப்பாகப் பரீட்சை முடிவு வரும் வாரத்தில். "இவ்வளவு செஞ்சும் இப்படியா" என்ற வார்த்தை வாயில் வரும், விழுங்கிவிடுங்கள். காயத்தைக் கழுவிவிட்டு, அன்றைக்கு என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். உங்களால் தாங்க முடியவில்லையென்றால், 14416 அம்மா அப்பாவுக்கும் ஆயாவுக்கும்கூடத்தான்.