வீட்டு மாடியில் அந்துப்பூச்சிகளைப் பதிவு செய்வது எப்படி

மேற்குத் தொடர்ச்சி மலையடிவார ஊர்களில் வசிப்போர், காட்டுக்குள் செல்லாமலே, தம் வீட்டு மொட்டைமாடியில் அந்துப்பூச்சிகளைப் பதிவு செய்யலாம். நிலவொளி குறைந்த, காற்றில்லாத, புழுக்கமான இரவைத் தேர்ந்து, ஒரு வெள்ளை வேட்டியைச் சுவரோரம் கட்டி, அதன் முன்னே புறஊதா எல்இடி விளக்கை எரியவிடுங்கள். விளக்கை நேராகப் பார்க்க வேண்டாம்.

வந்தமரும் பூச்சியைத் தொடாமல், சிறகுகள் முழுதும் தெரியும்படி மேலிருந்து ஒரு படமும் பக்கவாட்டில் ஒன்றும் எடுத்து, தேதி, நேரம், இடம் ஆகியவற்றுடன் உயிரினப் பதிவுகளுக்கான ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றுங்கள். இனம் உறுதியாகத் தெரியாவிட்டால் அது சேர்ந்த பூச்சிக் குடும்பத்தின் பெயரோடு நிறுத்துவதே நேர்மை. அரியவற்றை மட்டும் தேடாமல், அன்றாடம் வரும் பூச்சிகளையும் எண்ணிக் குறியுங்கள். அவை குறைந்துவருவதை நாளை காட்டப் போவது அந்தக் குறிப்புதான். 2012 முதல் ஜூலை இறுதியில் நடைபெறும் தேசிய அந்துப்பூச்சி வாரம், தொடங்குவதற்கு ஏற்ற காலம்.

விளக்கை விடியும்வரை எரியவிடுவது பெருந்தவறு. எடுத்துக்காட்டாக, அட்லஸ் என்னும் மிகப் பெரிய அந்துப்பூச்சியால் முதிர்ந்த பின் உண்ண இயலாது. சில நாள்களே கொண்ட அதன் வாழ்வு துணியிலேயே வீணாகும், எஞ்சியவற்றையோ காலையில் கரிச்சான்கள் கொத்தித் தின்னும். ஆகவே நள்ளிரவுக்குள் அணைத்து, துணியை மெல்ல உதறிப் புதரோரம் விடுங்கள். நந்தியாவட்டையில் அரளி அந்துப்பூச்சியின் கொழுத்த பச்சைப் புழுவைக் கண்டால், மருந்தடிக்காமல் சில இலைகளை அதற்கென விட்டுவிடுங்கள்.