‘டிஸக்ரீ’யில் நாம் சறுக்கும் இடங்கள்

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வெளிநாட்டு மெயில்களைப் பார்க்கிற வேலையில் இருந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் சரக்கு அனுப்ப முடியாது என்று சொல்ல, கூட இருந்த தம்பி ‘வி டிஸக்ரீ டு செண்ட் பை ஃப்ரைடே’ என்று அடித்து வைத்திருந்தார். அனுப்புவதற்குள் பார்த்துவிட்டேன், நல்லவேளை. ஒரு வேலையைச் செய்ய மறுத்தால் அது ‘ரெஃப்யூஸ்’. முடியவில்லை என்றால் ‘வி கேனாட்’ போதும்.

நம் தமிழில் ‘ஒத்துக்கல’ என்ற ஒரே சொல் நாலு வேலை பார்க்கிறது, அதை அப்படியே ஆங்கிலத்துக்கு இழுத்துப் போவதால்தான் இந்தக் குழப்பம். வேலைக்கு வர ஒத்துக்கல என்றால் ரெஃப்யூஸ். செய்த தப்பை ஒத்துக்கல என்றால் ‘டினை’. நீங்கள் சொல்கிற கருத்தை ஒத்துக்கல என்றால்தான் டிஸக்ரீ. இரண்டு பேர் எண்ணிய தோல் கணக்கு, ஒன்று 1,200, இன்னொன்று 1,180 என்று ஒத்துப்போகாமல் நின்றால் அங்கேயும் டிஸக்ரீ வரும்: ‘த ஃபிகர்ஸ் டிஸக்ரீ’.

‘ஐ ஆம் டிஸக்ரீ’ என்று எழுதவே வேண்டாம். அது வினைச்சொல், ‘ஐ டிஸக்ரீ’ என்றாலே முடிந்தது. ஆளோடும் அவர் கருத்தோடும் ‘வித்’, பேசுகிற விஷயத்துக்கு ‘ஆன்’ அல்லது ‘அபவுட்’: ‘ஐ டிஸக்ரீ வித் யூ அபவுட் த ரேட்.’ பெரியவர்களுக்கு எழுதும்போது இதுவே கொஞ்சம் வெட்டென்று படும், முன்னால் ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ சேர்த்தால் பணிவு வந்துவிடும். இங்கே ‘ஐ ஆம்’ சரிதான், ஏனென்றால் அது அஃப்ரெய்டோடு சேர்ந்தது.

அப்புறம் சாப்பாடு. ஆம்பூர் பிரியாணியோடு வைக்கிற கத்தரிக்காய் எனக்கு ஒத்துக்காது என்பதை ‘ஐ டிஸக்ரீ வித் பிரிஞ்சால்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. ‘எனக்கு’ என்று தொடங்கிப் பழகியதால் வாயில் ‘ஐ’ முதலில் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் கத்தரிக்காய்தான் முன்னால் நிற்க வேண்டும்: ‘பிரிஞ்சால் டிஸக்ரீஸ் வித் மீ.’ வயிற்றைப் பிரட்டுகிறது, அஜீரணம் என்கிற அளவில் சொல்வதற்குத்தான் இது.

வேலூரில் தமிழ் தெரியாத டாக்டர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் மாத்திரை ஒத்துக்கல என்று சொல்லும்போது டிஸக்ரீயோடு நிறுத்திவிடாதீர்கள். உடம்பெல்லாம் தடித்ததா, மூச்சு வாங்கியதா, வாந்தியா என்று நடந்ததைச் சொல்லுங்கள். தடிப்பும் மூச்சுத்திணறலும் அலர்ஜியாக இருக்கலாம், டிஸக்ரீ என்ற சொல்லை மட்டும் வைத்து அவர் அதைக் கண்டுபிடிக்க முடியாது.