விண்டோஸ் 98 கணினியில் பாமினியை நிறுவி டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டரில் அச்சிடுவது

விண்டோஸ் 98 ஓடும் பழைய வீட்டுக் கணினியில் தமிழ் அச்சிட யூனிகோட் (இன்றைய கணினிகளின் பொது எழுத்து முறை) எழுத்துருக்களைத் தேடி அலையாதீர்கள். விண்டோஸ் தமிழுக்கு இடம் கொடுத்தது 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்துதான். அதற்கு முந்தைய கணினிக்கு, இலங்கையில் பலரின் கைக்குப் பழகிய பாமினி எழுத்துருவே பொருத்தம். அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் இருக்கின்றன. சிறிய எழுத்தில் ஜே, கே, பி, ஓ, பிறகு அரைப்புள்ளி என்று தட்டினால் 'தமிழ்' என்று வரும். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலம்தான். இதை மனதில் வைத்தால் பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம் தானாகவே புரியும்.

முதலில் கேபிள். கணினி, பிரிண்டர் இரண்டையும் அணைத்துவிட்டே செருகுங்கள். மின் ஓடும்போது செருகினால் போர்ட் (கேபிள் செருகும் இடம்) பழுதாகலாம். கேபிள் 2 மீட்டருக்குள் இருப்பது நல்லது. வெளிநாட்டிலிருந்து வந்த பிரிண்டர் என்றால் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். 120 வோல்ட் என்றிருந்தால் நம் 230 வோல்ட் பிளக்கில் நேரே போடவே கூடாது. லைன் ஃபீட் பொத்தானை அழுத்தியபடி சுவிட்சைப் போட்டால் எப்சன் பிரிண்டர்கள் தாமே சோதனைப் பக்கம் அடிக்கும். எழுத்து மங்கினால் ரிப்பனை மாற்றுங்கள். எல்லா எழுத்தின் குறுக்கேயும் ஒரே உயரத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் அச்சுத் தலையில், ரிப்பனைத் தட்டிப் புள்ளி வைக்கும் ஊசிகளில் ஒன்று வேலை செய்யவில்லை. எந்த மென்பொருளாலும் அது சரியாகாது. ரிப்பன் வாங்க கொழும்பு பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் உள்ள யூனிட்டி பிளாசாவுக்குப் போவதானால் பழைய ரிப்பனையும் கையோடு கொண்டுபோங்கள்.

எழுத்துருக் கோப்பை ஃபிளொப்பியிலோ சீடியிலோ கொண்டுவருவதே சுலபம். பென் டிரைவுக்கு விண்டோஸ் 98இல் தனி டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) போட வேண்டும். கன்ட்ரோல் பனலில் ஃபொன்ட்ஸைத் திறந்து, ஃபைல் மெனுவில் 'இன்ஸ்டோல் நியூ ஃபொன்ட்' கொடுத்தால் முடிந்தது. புதிய கணினியில் யூனிகோடில் தட்டியதை அப்படியே கொண்டுவந்தால் கேள்விக்குறிகள்தான் கிடைக்கும். அங்கேயே பாமினிக்கு மாற்றிவிட்டுக் கொண்டுவாருங்கள்.

பிரிண்டர் டிரைவர் தேர்வில்தான் பலர் சிக்குகிறார்கள். உங்கள் மொடல் விண்டோஸின் பிரிண்டர் பட்டியலில் இல்லாவிட்டால் 9 ஊசி எப்சனுக்கு எஃப்எக்ஸ்-850, 24 ஊசிக்கு எல்கியூ-850 என்று தேர்ந்து, போர்ட் எல்பிடி1 என வையுங்கள். 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' மட்டும் வேண்டாம். அது எழுத்தின் வடிவத்தை அனுப்பாமல் குறியீட்டை மட்டும் அனுப்பும். பிரிண்டர் தன்னிடமுள்ள ஆங்கில எழுத்துகளை அடித்துத் தள்ளும். திரையில் தமிழ், தாளில் ஆங்கிலம் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

9 ஊசி பிரிண்டரில் எழுத்தளவு 12க்குக் கீழே போனால் மெய்யின் புள்ளி எழுத்தோடு ஒட்டிவிடும். 14 வையுங்கள், பிரிண்டர் ப்ரொப்பர்ட்டீஸின் கிரஃபிக்ஸ் பகுதியில் கிடைக்கும் அதிக ரெசலூஷனையும் தேர்ந்தெடுங்கள். அச்சு மெதுவாகத்தான் வரும், ஆனால் வாசிக்க முடியும்.

வேர்டில் தட்டுவதற்கு முன் ஓட்டோகரெக்டில் வாக்கியத்தின் முதலெழுத்தைப் பெரிதாக்கும் வசதியை நிறுத்துங்கள். பாமினியில் சிறிய எஃப் 'க', பெரிய எஃப் 'கு'. வாக்கியத் தொடக்கத்தில் 'கடை' என்று தட்டியது 'குடை' ஆகிவிடும். பெயர்ப்பலகை, விலைப்பட்டியல் அடிப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். எழுத்துப்பிழை திருத்தியையும் நிறுத்திவிடுங்கள், அதற்கு இது வெறும் பிழையான ஆங்கிலம்.

கடைசியாகத் தாள். துளையிட்ட தொடர் தாள் பெரும்பாலும் 11 அங்குலம், ஏ4 தாள் 297 மில்லிமீட்டர். ஏ4 என்று வைத்துத் தொடர் தாளில் அடித்தால் ஒவ்வொரு பக்கமும் 17 மில்லிமீட்டருக்கு மேல் கீழிறங்கி, சில பக்கங்களில் வரி மடிப்பின் மேலேயே விழும். அளவை வேர்டின் பேஜ் செட்டப்பிலும் பிரிண்டர் ப்ரொப்பர்ட்டீஸிலும், இரண்டு இடத்திலும் மாற்றுங்கள்.