கைக்குழந்தை வெளிக்குப் போகவில்லையா? நாள் கணக்கை விட்டு மலத்தைப் பாருங்கள்

கோபியோ பொள்ளாச்சியோ, கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அம்மிச்சியும் அப்பத்தாவும் மாறி மாறிக் கேட்பது ஒன்றுதான்: "புள்ள வெளிக்குப் போச்சா கண்ணு?" இல்லை என்ற பதில் இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் மூன்றாம் நாள் விளக்கெண்ணெய்ப் பாட்டில் வெளியே வந்துவிடும். பாதித் தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை ஒன்றரை மாதம் தாண்டியதும் ஐந்து நாள், ஏழு நாள்கூட வெளிக்குப் போகாமல் இருக்கலாம். தாய்ப்பாலில் கழிவு குறைவு, பெரும்பகுதி உடம்பிலேயே சேர்ந்துவிடுகிறது. ஏழாம் நாள் போகும்போது துணியில் கரைத்த கடுகு மாதிரி மஞ்சளாக, இளக்கமாக இருந்தால் அது மலச்சிக்கல் இல்லை. மருந்தும் வேண்டாம். வயிறு மெத்தென்று இருக்கிறதா, பால் குடிக்கிறதா, ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

முதல் மாதத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அந்த வயதில் தாய்ப்பால் குடிக்கும் குழந்தை தினமும் பல தடவை போக வேண்டும். போகவில்லை என்றால் மலம் இறுகியதைவிட, பால் போதவில்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம். குழந்தையைத் தூக்கிப் போய் எடை போட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை.

இன்னொன்றையும் மலச்சிக்கல் என்று நினைத்துக்கொள்கிறோம். குழந்தை பத்து, பதினைந்து நிமிடம் முக்கும், முகம் செவக்கும், வீறிட்டு அழும். கடைசியில் போவது இளக்கமான மலம்தான். வயிற்றால் அழுத்தும்போதே ஆசனவாயைத் தளர்த்த வேண்டும் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. பழகப் பழகத் தானாகச் சரியாகும். இதற்கு ஆசனவாயில் எதையாவது நுழைத்துத் தூண்டிக்கொண்டே இருந்தால், தூண்டினால்தான் போகும் என்று குழந்தை பழகிக்கொள்ளும்.

உண்மையான மலச்சிக்கலைத் துணியிலேயே கண்டுபிடிக்கலாம். ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையாக, அல்லது கெட்டிக் களிமண் மாதிரி இருக்கும். சில சமயம் மேலே மெல்லிய ரத்தக் கோடு தெரியும். வயிறு உப்பியதை அரைஞாண் கயிறு காட்டிக்கொடுக்கும். நேற்றுவரை விரல் நுழைந்த கயிறு இன்று தோலில் பதிந்து கிடந்தால், முதலில் கயிற்றைத் தளர்த்துங்கள், பிறகு வயிற்றைத் தொட்டுப் பாருங்கள்.

பால் கலக்கும் கையைக் கவனியுங்கள்

ஆறு மாதத்துக்குள் மலம் இறுகுவது பெரும்பாலும் பவுடர் பால் அல்லது மாட்டுப்பால் குடிக்கும் குழந்தைக்குத்தான். தவறு அநேகமாகக் கலக்கும் இடத்தில் இருக்கும். நம் ஊரில் கிடைக்கும் பெரும்பாலான டப்பாக்களில் 30 மி.லி. தண்ணீருக்கு ஒரு கரண்டி என்று போட்டிருப்பார்கள். உங்கள் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை படித்துவிடுங்கள். முதலில் தண்ணீர், பிறகுதான் பவுடர். பவுடரைப் போட்டுவிட்டு 30 மி.லி. கோடு வரை தண்ணீர் ஊற்றினால் பால் கெட்டியாகிவிடும். டப்பாவோடு வந்த கரண்டியில் அள்ளி, சுத்தமான கத்தியின் முதுகால் தலை தட்டுங்கள். குவித்து அள்ளுவது, "பசி தாங்கட்டும்" என்று அரைக் கரண்டி கூடுதலாகப் போடுவது, இரண்டுமே மலத்தை இறுக்கும். டம்ளரில் அளக்காதீர்கள், வீட்டுக்கு வீடு டம்ளர் மாறும். அளவுக் கோடு போட்ட பாட்டிலில் கலந்து, பிறகு பாலாடையில் ஊற்றிக் கொடுக்கலாம்.

தண்ணீர் கொதித்து ஆறியதாக, ஆனால் பவுடர் போடும்போது இன்னும் நல்ல சூடாக (70 டிகிரிக்குக் குறையாமல்) இருக்க வேண்டும். கொதித்து அரை மணிக்குள் கலந்துவிட்டால் இந்தச் சூடு இருக்கும். கலந்த பிறகு ஆற வைத்து, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். குழாயில் வரும் சிறுவாணி, அத்திக்கடவு மாதிரி குடிதண்ணீர் போதும். போர் உப்புத்தண்ணீரில் கலக்க வேண்டாம்.

அளவெல்லாம் சரியாக இருந்தும் இறுகினால் பவுடரின் கொழுப்பையும் சந்தேகிக்கலாம். பாமாயில் சேர்த்த சில வகைகளில் அந்தக் கொழுப்பு குடலில் கால்சியத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரி கட்டியாகும். வேறு வகைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வாரத்துக்கு ஒன்றாக நீங்களே மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

வீட்டில் மாடு இருக்கிறது, பால் கலப்படமில்லை என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் ஒரு வயதுவரை மாட்டுப்பாலோ ஆட்டுப்பாலோ முக்கியப் பாலாக இருக்கக் கூடாது. மலம் இறுகும், ரத்தமும் குறையும். தண்ணீர் ஊற்றிக் கலந்தாலும் இது மாறாது, சத்து மட்டும் இன்னும் குறையும்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஆறு மாதம்வரை தனியாகத் தண்ணீர் தேவையில்லை, அக்னி நட்சத்திர வெயிலிலும் தேவையில்லை. அடிக்கடி பால் கொடுத்தால் போதும். தண்ணீர் குடிக்க வேண்டியது தாய்தான். "வயிறு போட்டுரும்" என்று பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம்.

காலில் உட்கார வைப்பது

பெரியவர்களிடம் இருக்கும் கைவைத்தியத்தில் இதுதான் முதல் தரம். பால் குடித்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் செய்யுங்கள். வயிறு நிறைந்தால் குடல் அசையும், அந்த நேரத்தைப் பிடிக்க வேண்டும். மணையில் உட்கார்ந்து, காலை முன்னால் வைத்து, இரண்டு பாதத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். குழந்தையின் ஒவ்வொரு தொடையும் உங்கள் ஒவ்வொரு பாதத்தின் மேலும் இருக்கட்டும், பிட்டம் இடைவெளியில் தொங்கட்டும். குழந்தையின் முதுகு உங்கள் முழங்காலில் சாய்ந்திருக்க, இரு கையாலும் அக்குளில் பிடித்துக்கொள்ளுங்கள். முழங்கால் வயிற்றுப் பக்கம் உயர்ந்திருந்தால் மலப்பாதை நேராகி வழி கிடைக்கும்.

தலை நிற்காத குழந்தையைக் காலில் வைக்காதீர்கள். அதன் முதுகை உங்கள் மார்போடு சாய்த்து, தொடைக்கு அடியில் கை கொடுத்து முழங்காலை மேலே தூக்கிப் பிடித்தால் அதே வேலை நடக்கும். மூன்று நிமிடம் போதும். அழுதால் எடுத்துவிடுங்கள். அழுகிற குழந்தை இறுக்கத்தான் செய்யும்.

வயிறு தடவுவதற்கு வேறு நேரம்: பால் குடித்து முக்கால் மணி கழித்து. உள்ளங்கையில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து அதன் கால்மாட்டில் உட்காருங்கள். குழந்தையின் வலது இடுப்பிலிருந்து, அதாவது உங்கள் இடது கைப் பக்கமிருந்து, மேலே விலா வரை, அங்கிருந்து குறுக்கே, பிறகு குழந்தையின் இடது இடுப்புக்கு இறக்கம். கடிகார முள் போகிற வழி. பெருங்குடலும் இந்த வழியாகத்தான் போகிறது. எதிர்ப்பக்கம் தடவினால் பலனில்லை. பத்துச் சுற்று, சப்பாத்தி மாவில் விரல் லேசாகப் பதியும் அளவு அழுத்தம். பிறகு இரண்டு காலையும் பிடித்துச் சைக்கிள் மிதிப்பது மாதிரி பத்துத் தடவை. கடைசியில் இரண்டு முழங்காலையும் சேர்த்து வயிற்றோடு வைத்து ஐந்து எண்ணி விடுங்கள், இப்படி ஐந்து முறை. தொப்புள்கொடி விழும்வரை தொப்புள் பக்கம் கை போகக் கூடாது. அழாத நேரத்திலும் வயிறு பலகை மாதிரி இருந்தால் தடவாமல் டாக்டரிடம் போங்கள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டுவதும் உதவும். குளிக்கும்போதே வெளிக்குப் போய்விடுகிற குழந்தைகள் நிறைய. ஆசனவாயில் வெடிப்பு இருந்தால் தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுத்து, வெளியே மட்டும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

ஆறு மாதத்துக்கு மேல்

சோறு ஊட்ட ஆரம்பித்ததும் இறுகுவது சகஜம். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து நமக்கும் வந்துவிட்ட நேந்திரங்காய்ப் பொடிக் கஞ்சிதான் முதல் சந்தேகத்துக்குரியது. காயின் மாவு எளிதில் செரிக்காது, மலத்தைக் கட்டும். அடுத்தது மூன்று வேளையும் கெட்டியாகக் கிண்டிய ராகி. ராகியை நிறுத்த வேண்டாம், ஒரு வேளையாகக் குறைத்து நீர்க்க விடுங்கள். வாழைப்பழம் நன்றாகக் கனிந்து தோலில் கரும்புள்ளி விழுந்த பிறகே கொடுங்கள்.

வீட்டில் அரிசிம்பருப்பு சாதம் செய்யும் நாளில் குழந்தைக்குத் தனியாக இரண்டு மேசைக்கரண்டி அரிசி, ஒரு மேசைக்கரண்டி பருப்பு, இரண்டு துண்டு பூசணி போட்டு, தாராளமாகத் தண்ணீர் விட்டு ஆறு விசில் விடுங்கள். மிளகாய், உப்பு வேண்டாம். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் வழுக்கி விழும் பதத்துக்கு மசித்து, அரை டீஸ்பூன் நெய் விட்டு ஊட்டலாம்.

இளக்கம் கொடுப்பதில் ஊட்டிப் பேரிக்காய் நல்லது. அதிலும் பிளம்ஸிலும் இருக்கும் ஒரு வகைச் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்து வைக்கும். தோல் சீவி, ஆவியில் வேக வைத்து, மசித்து இரண்டு டீஸ்பூனில் தொடங்குங்கள். பப்பாளிப் பழமும் ஆகும். உலர் திராட்சை பத்தைக் கழுவி, கொதித்து ஆறிய கால் டம்ளர் தண்ணீரில் இரவு ஊற வைத்து, காலையில் பிசைந்து வடிகட்டி இரண்டு மூன்று டீஸ்பூன் கொடுக்கலாம். முழுத் திராட்சை தொண்டையில் அடைக்கும், கொடுக்கவே கூடாது. சாப்பாட்டோடு கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டு மூன்று வாய் பழக்குங்கள். நாள் முழுவதும் சேர்த்து 60 முதல் 120 மி.லி. போதும், அதற்கு மேல் போனால் பாலுக்கு இடமிருக்காது.

நர்ஸ் கொடுக்கும் இரும்புச்சத்து சிரப்பால் மலம் கறுக்கும், அது பயப்பட வேண்டியதில்லை. இறுகினால் அவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கையை எடுக்க வேண்டியவை

மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரலாம். வயிற்றுக்குள் போனாலும் பேதியாகி நீர்ச்சத்து வற்றும். ஆசனவாயில் நுழைக்கும் வெற்றிலைக் காம்பு உள்ளே கிழிக்கும். சோப்புத் துண்டு உள்தோலைப் புண்ணாக்கும். வசம்பு உரைத்து ஊற்றினால் வாந்தியும் மயக்கமும் வரலாம். தேன் ஒரு வயதுவரை நாக்கில்கூடத் தடவக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி விஷத்தின் முதல் அறிகுறியே மலச்சிக்கல்தான். குடலேற்றம் என்று தலைகீழாகத் தூக்குவதும், உரம் எடுப்பது என்று சேலையில் போட்டு உருட்டுவதும் வேண்டவே வேண்டாம். ஆசனவாயில் வைக்கும் கிளிசரின் குச்சி, மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப் இரண்டும் நல்ல மருந்துகள்தான். ஆனால் அளவை டாக்டர் சொல்ல வேண்டும், மெடிக்கல் கடைக்காரர் அல்ல. சிரப் வேலை செய்ய இரண்டு நாள் ஆகும். அதற்குள் அளவைக் கூட்டாதீர்கள்.

இவற்றுக்குக் காத்திருக்காதீர்கள்

பச்சை நிற வாந்தி, வயிறு உப்பி இறுகுவது, பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, விட்டு விட்டு வீறிட்டுக் காலை மடக்கி அழுது ஜெல்லி போல் ரத்தம் போவது, மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல்: இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், இரவானாலும் சரி. பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் கறுப்பு மலம் போகாத குழந்தையை, பிறகு போனாலும், டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு அணுக்கள் இல்லாமல் இருக்கலாம், தைராய்டும் குறைவாக இருக்கலாம். பிறந்த நாள் தொட்டே கட்டிக்கொண்டு எடையும் ஏறாத குழந்தைக்கும் இதே சோதனைகள் வேண்டும்.

போகும்போது மலம் பட்ட துணியை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது வெளிச்சத்தில் செல்போனில் ஒரு படம். பவுடர் டப்பாவும் கரண்டியும் பையில் இருக்கட்டும். எப்படிக் கலக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டால், வாயால் சொல்லாமல் அங்கேயே ஒரு கரண்டி அள்ளிக் காட்டுங்கள்.