வாட்ச் கம்பெனியிடம் கடல் பயணத்துக்குக் காசு கேட்கப் போகிறீர்களா?

போன மாதம் சிங்கப்பூர் தேக்கா கோப்பிக்கடையில் மூன்று இளையர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். இந்தோனேசியாவின் அனம்பாஸ் தீவுகளுக்குப் போய்ப் பவளப்பாறைகளைக் கணக்கெடுக்க வேண்டுமாம். முக்குளிப்பில் கைதேர்ந்த பிள்ளைகள். "அக்கா, பட்ஜெட்டை மட்டும் ஒரு தடவை பாருங்க" என்று மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார்கள். வரவுப் பத்தியில் முதல் வரி, ஸ்பான்சர் கம்பெனி தரப்போகும் வாட்சுகள்: வாட்ச் 4 x 9,500 = 38,000 சிங்கப்பூர் வெள்ளி. பச்சை நிறத்தில், தடித்த எழுத்தில்.

குடித்துக்கொண்டிருந்த தே-ஓ தொண்டையிலேயே நின்றுவிட்டது. எட்டு வருடத்துக்கு முன்னால் அதே வரியை அதே பச்சையில் போட்டவள் நான்.

இனி வருவதெல்லாம் வாட்ச் கம்பெனியிடம் ஸ்பான்சர் கேட்கும்போது செய்யும் தவறுகள். பிராண்டின் பெயரைத் தப்பாக எழுதுவது, ஒரே கடிதத்தைப் பத்து கம்பெனிக்கு அனுப்புவது மாதிரி விஷயங்களை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

வாட்சைக் காசாக எண்ணுவது

அன்று எங்களுக்கு ஸ்பான்சர் செய்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வந்த மின்னஞ்சலில் "மொத்தம் 38,000 வெள்ளி மதிப்புள்ள ஆதரவு" என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு வீட்டு வரவேற்பறையில் நான் ஆடிய ஆட்டத்துக்கு என் அம்மா சாட்சி. பிரித்துப் பார்த்தால் 33,000 வெள்ளிக்கு மூன்று டைவிங் வாட்ச். ரொக்கம் 5,000.

படகுக்காரருக்கு ரொக்கம்தான் வேண்டும். சாப்பாடு, எரிபொருள் உட்பட பத்து நாளுக்கு 16,500 வெள்ளி கேட்டார், அது நியாயமான விலைதான். எங்கள் குழு போட்டது 6,000. ஸ்பான்சர் தந்த 5,000-ஐச் சேர்த்தால் 11,000. மீதி 5,500 எங்கிருந்து வரும்? என் சேமிப்பிலிருந்துதான் வந்தது. ஒரு வாட்சை விற்றுச் சரிக்கட்டலாம் என்று மனக்கணக்கு போட்டிருந்தேன். ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தைப் புறப்படுவதற்கு ஆறு நாள் முன்னால்தான் ஒழுங்காகப் படித்தேன். வாட்சுகள் நிறுவனத்தின் உடைமை, பயணம் முடிந்த 30 நாளில் திருப்பித் தர வேண்டும், பழுதானால் செலவு எங்களுடையது. முதல் பக்கத்தில் "வழங்குவோம்" என்று இருந்ததைக் "கொடுத்துவிடுவோம்" என்று படித்துக்கொண்டது என் புத்தி. அவர்கள் பொய் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

அதோடு முடிந்ததா? இரவல் வாங்கிய வாட்சுக்குச் சாதாரணப் பயணக் காப்புறுதி ஆகாது என்று முகவர் கையை விரித்தார். தனிக் காப்புறுதிக்கு 640 வெள்ளி. தஞ்சோங் பினாங்கில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்தார். கறுப்பு நுரையில் வரிசையாக மூன்று புத்தம்புது வாட்ச். "விற்கவா கொண்டுவந்தீர்கள்?" என்றார். யாருடைய பொருள் என்று காட்டும் கடிதம் ஈசூன் வீட்டு மேசையில் கிடந்தது. ஒன்றரை மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம்.

ஏழாம் நாள், படகின் இரும்பு ஏணியில் ஏறும்போது என் மணிக்கட்டு இடித்தது. கண்ணாடியைச் சுற்றியிருக்கும் வளையத்தில், நான்கு மணிக்குப் பக்கத்தில், ஓர் அரிசி நீளத்துக்குக் கீறல். எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. காப்புறுதியில் கீறல் சேராது, திருட்டும் தொலைவதும்தான் சேருமாம். அந்த அரிசிக்கு 780 வெள்ளி.

ஆக, 38,000 வெள்ளி ஆதரவு பெற்ற பயணத்தில் என் கையிலிருந்து போனது 6,920.

வாட்சை நிஜமாகவே அன்பளிப்பாகக் கொடுத்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. கடை விலைக்கு யாரும் பழைய வாட்ச் வாங்கமாட்டார்கள். ஒவ்வொன்றிலும் வரிசை எண் உண்டு. ஸ்பான்சர் தந்த வாட்ச் அடுத்த மாதமே லக்கி பிளாசா கடையொன்றில் ஒரு கண்ணாடிப் பேழைக்குள் உட்கார்ந்திருந்தால் அந்த உறவு அத்தோடு சரி. அதனால் வரவுப் பத்தியில் ரொக்கத்தை மட்டும் போடுங்கள். வாட்சைச் செலவுப் பத்தியில் போடுங்கள். ஆமாம், செலவில்தான்: காப்புறுதி, பழுது, அனுப்பும் கூலி. ரொக்கத்தில் பாதியாவது புறப்படும் முன் வங்கிக் கணக்கில் விழ வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

நமக்கு என்ன வேண்டும் என்று மட்டுமே எழுதுவது

வாட்ச் கம்பெனி வாங்குவது கதையை. இது நேற்று வந்த பழக்கம் இல்லை. 1927 அக்டோபர் 7-ல் மெர்சிடிஸ் கிளைட்ஸ் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். பிரிட்டிஷ் பெண்களில் அவர்தான் முதல். சில நாளில் இன்னொரு பெண் தானும் நீந்தியதாகப் புளுக, கிளைட்ஸ் மீதும் சந்தேகம் விழுந்தது. நிரூபிப்பதற்காக அக்டோபர் 21-ல் மறுபடி குளிர்நீரில் இறங்கினார். இந்தத் தடவை கழுத்தில் ஒரு ரோலெக்ஸ் ஆய்ஸ்டர் தொங்கியது. பத்து மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தும் கரை சேர முடியாமல் படகில் ஏற்றப்பட்டார். வாட்ச் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நவம்பர் 24-ல் லண்டன் டெய்லி மெயிலின் முதல் பக்கம் முழுக்க ரோலெக்ஸ் விளம்பரம்.

அவர் கரை சேர்ந்திருக்க வேண்டும் என்றுகூட விளம்பரத்துக்கு அவசியமில்லை, பாருங்கள். உங்கள் கடிதத்தில் ஒன்பது பத்தி படகுச் செலவு. அந்த வாட்ச் எந்தக் கதைக்குள் இருக்கும், யார் எடுக்கும் படத்தில் தெரியும் என்று ஒரு பத்தியாவது வேண்டாமா?

ஆர்ச்சர்ட் ரோடு கடையில் போய்க் கேட்பது

அங்கே இருப்பவர்கள் விற்பனையாளர்கள். தண்ணீர் கொடுப்பார்கள், பெயரட்டை கொடுப்பார்கள்.

பெரிய பணம் சுவிட்சர்லாந்தில் முடிவாகிறது, அதுவும் பல வருடப் பழக்கத்தில். பிளாங்பேன் என்ற சுவிஸ் வாட்ச் கம்பெனி 2014-ல் கடல் பாதுகாப்புக்காக 250 வாட்ச் மட்டும் செய்து, ஒவ்வொன்றுக்கும் 1,000 யூரோ ஒதுக்கியது. எல்லாம் விற்றால் இரண்டரை லட்சம் யூரோ. நூறு மீட்டருக்கும் கீழே இறங்கி சீலகாந்த் மீனைப் படமெடுத்த லோரான் பலெஸ்டா மாதிரி ஆட்களோடுதான் அந்தக் கம்பெனி வருடக்கணக்கில் நிற்கிறது. பத்து நாள் பயணக்காரர்கள் நாம் அந்த வரிசையில் எங்கே இருக்கிறோம்? தனி மனிதர் நேரே விண்ணப்பிக்க ரோலெக்ஸ் விருது என்று ஒன்று 1976-லிருந்து இருக்கிறது. சுற்றுச்சூழலும் அதில் ஒரு பிரிவு. ஆனால் அது பயணச்சீட்டுக்கான காசு இல்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வேலை கையில் இருக்க வேண்டும்.

"கடலைக் காப்போம்" என்று தலைப்பு வைப்பது

யார் வேண்டுமானாலும் வைக்கலாம். "பவளத்தை எண்ண 100 மீட்டர் கயிறு, அதில் இடைவெளி விட்டு 20 மீட்டராக நான்கு துண்டு, மொத்தம் ஆறு இடம், ஓர் இடத்தில் இரண்டு ஆழம்" என்று எழுதினால் மறுமுனையில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். நம் ஊர் சிஸ்டர்ஸ் தீவுகளில் ஒத்திகை பார்த்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது. கணக்கெடுக்க தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும், முன்கூட்டியே கேளுங்கள்.

இரண்டு வாட்ச் பிராண்டிடம் கை நீட்டுவது

1953 எவரெஸ்ட் குழுவுக்கு ரோலெக்ஸும் கொடுத்தது, பிரிட்டனின் ஸ்மித்ஸும் கொடுத்தது. இரண்டும் விளம்பரம் செய்தன. ஹில்லரியோடு உச்சிக்குப் போனது எது என்று வாட்ச் பித்தர்கள் எழுபது வருடம் கழித்தும் அடித்துக்கொள்கிறார்கள். நீங்கள் ஹில்லரி இல்லை. ஒன்று போதும்.

அன்பளிப்பு வாட்சைப் பொது ஏலத்தில் விட்டு அனம்பாசுக்குப் பணம் அனுப்புவது

வெளிநாட்டு அறப்பணிக்கு இங்கே பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி தேவை. முதலில் அதை வாங்குங்கள்.

படத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் பாட்டில்

வேண்டாம்.

படத்துக்காக டைவ் கம்ப்யூட்டரைக் கழற்றுவது

இதைச் சொல்லாமல் விடமாட்டேன். இன்று பெரும்பாலும் யாரும் வாட்சை மட்டும் பார்த்து முக்குளிப்பதில்லை. எவ்வளவு ஆழம், இன்னும் எத்தனை நிமிடம் தங்கலாம், எவ்வளவு மெதுவாக மேலே வரவேண்டும் என்பதெல்லாம் மணிக்கட்டுக் கம்ப்யூட்டர் சொல்லித்தான் தெரிகிறது. ஸ்பான்சரின் புகைப்படக்காரருக்கு அந்த ரப்பர் கட்டி அழகாகத் தெரியாது. "அஞ்சு நிமிஷம் கழட்டி வைங்க சிஸ்டர்" என்று படகிலேயே கேட்டார். எங்கள் குழுவில் ஒருவர் கழற்றி வைத்துவிட்டே இறங்கினார். 22 மீட்டரில் நான் அவர் கையைப் பார்த்தபோது அதில் பதினோராயிரம் வெள்ளி வாட்ச் மின்னியது, வேறு எதுவும் இல்லை. டைவை அங்கேயே முடித்து, அவரை என் பக்கத்திலேயே வைத்து, என் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்து மேலே கொண்டுவந்தேன். மேலே வரும் வழியில் பாதுகாப்புக்காக ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றபோது புகைப்படக்காரர் இன்னும் எங்களைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

இடது கையில் வாட்ச், வலது கையில் கம்ப்யூட்டர். படத்தில் தெரிந்தால் தெரியட்டும். இதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகப் போடச் சொல்லுங்கள், நான்காம் பக்கத்தில் இல்லை, முதல் பக்கத்தில்.