குறைந்த செலவில் மதுரை: வெளியூர்க்காரர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

சாப்பாடு, தங்குமிடம், பஸ் என்று எதை எடுத்தாலும் மதுரை கையைக் கடிக்காத ஊர். பார்க்க வேண்டிய இடங்களில் பாதிக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. அப்படியிருந்தும் சனி, ஞாயிறு வந்துவிட்டுப் போகிறவர்கள் பலர், "நினைத்ததைவிட அதிகமாகிவிட்டது" என்று சொல்லிக்கொண்டேதான் ரயில் ஏறுகிறார்கள். எந்த இடம் எப்போது திறந்திருக்கும், எது எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்க்காமல் வருவதுதான் காரணம். மூடிய கதவுக்கு முன்னால் போய் நின்ற பிறகு, அந்த நேரத்தைப் போக்க ஆட்டோவுக்கும் ஏசி ஓட்டலுக்கும் பணம் போகிறது.

முகூர்த்தம் பார்க்காமல் கிளம்புவது

ரயிலில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள், அந்த ஞாயிறு முகூர்த்த நாளா என்று பார்ப்பதில்லை. பெரிய முகூர்த்தம் என்றால் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள லாட்ஜ்களைக் கல்யாண வீட்டார் மொத்தமாகப் பிடித்துவிடுவார்கள். மீதி இருக்கும் அறைக்குச் சொன்னதுதான் வாடகை. மல்லிகைப் பூ விலையும் அன்றைக்குத்தான் ஏறும். கார்த்திகை பிறந்தால் தை வரைக்கும் சபரிமலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் மதுரையில் இறங்கிப் போவார்கள். கோயில் வரிசை நீளும், அறையும் கிடைக்காது.

சித்திரைத் திருவிழாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்றால் அதற்கென்றே வாருங்கள். ஊரை நிதானமாகச் சுற்றிப் பார்க்கிற முதல் பயணத்தை அந்த நாட்களில் வைத்துக்கொள்ளாதீர்கள். கல்யாணம் அதிகம் நடக்காத ஆடியும் புரட்டாசியும் அறைக்குப் பேரம் பேச நல்ல மாதங்கள். ஆடியில் வெயில் கொஞ்சம் மிச்சமிருக்கும், அவ்வளவுதான்.

அறையின் வாடகையைப் பார்த்து, மணியைப் பார்க்காமல் விடுவது

சென்னையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடிவதற்கு முன்னேயோ விடியும்போதோ மதுரையில் இறங்கிவிடலாம். செயலியில் மலிவாகக் கிடைத்ததென்று பதிவு செய்த அறைக்குப் போனால், "பன்னிரண்டு மணிக்குத்தான் ரூம்" என்பார்கள். குளிக்க, பல் துலக்க என்று தனியாக ஓர் அரை நாள் வாடகை கொடுக்க வேண்டியிருக்கும். மறுநாள் பகலிலும் அதே பன்னிரண்டு மணிக்குக் காலி செய்ய வேண்டும்.

டவுன் ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் இருக்கும் பழைய லாட்ஜ்கள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு உண்டு. காலை ஆறு மணிக்கு எடுத்தால் மறுநாள் காலை ஆறு மணி வரை ஒரே வாடகை. வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்புகிறவருக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு இல்லை. இரண்டு இரவு ரயிலில், ஓர் இரவு அறையில். ஞாயிறு காலை குளித்துவிட்டுக் காலி செய்து, ரயில் நிலையத்தின் பொருள் பாதுகாப்பு அறையில் பையைப் போட்டுவிடலாம். பையில் பூட்டு இல்லாவிட்டால் வாங்க மாட்டார்கள். நிலையத்துக்கு வெளியே பூட்டு வாங்கினால் அதற்குத் தனி விலை, எனவே வீட்டிலிருந்தே ஒன்றைக் கொண்டு வாருங்கள். போனில் கூப்பிட்டு "எத்தனை மணி நேரக் கணக்கு?" என்று கேட்டுவிட்டு அறை போடுவது நல்லது. செயலியில் காட்டும் படத்தைவிட அந்தக் கேள்வி உபயோகமானது.

நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க, வெளியூர்ப் பஸ் நிலையம் இருக்கும் மாட்டுத்தாவணிப் பக்கம் தங்குவதும் கணக்குத் தப்புதான். கோயிலுக்கும் மாட்டுத்தாவணிக்கும் ஆறேழு கிலோமீட்டர். பகலில் ஒரு முறை அறைக்கு வந்து படுத்துவிட்டுப் போகலாம் என்று தோன்றினால் மிச்சம் பிடித்தது போய்விடும். மதுரை வெயிலில் அது கட்டாயம் தோன்றும்.

இறங்கியதும் ஆட்டோ

மதுரைக்கு ஒரே பஸ் நிலையம் இல்லை. சென்னை, திருச்சி, திருநெல்வேலிப் பக்கத்துப் பஸ்கள் மாட்டுத்தாவணிக்கு வரும். கோவை, தேனி, திண்டுக்கல் பக்கத்துப் பஸ்கள் ஆரப்பாளையத்துக்கு. ஊருக்கு நடுவில், ரயில் நிலையத்துக்கு எதிரே எட்டும் தூரத்தில் இருப்பது பெரியார் பஸ் நிலையம். மாட்டுத்தாவணியில் இறங்கியவுடன் "கோயிலுக்குத்தானே சார்?" என்று சூழ்ந்துகொள்ளும் ஆட்டோக்காரர்களைத் தாண்டி உள்ளே நடந்தால் பெரியாருக்குப் போகும் டவுன் பஸ்கள் வரிசையாக நிற்கும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட்டுக்குக் காசே இல்லை. முகப்பில் இளஞ்சிவப்பு அடித்த பஸ்ஸைப் பார்த்து ஏறினால் சரி. நான்கு பெண்கள் சேர்ந்து வந்தால் திருப்பரங்குன்றம் வரைக்கும்கூட இரண்டு நாள் போக்குவரத்துச் செலவு பூஜ்யம். சேர்ந்து வருகிறோம் என்பதற்காகக் கார் எடுப்பவர்கள் இதை ஒரு முறை யோசித்துப் பார்க்கலாம்.

பழைய ஊருக்குள் பஸ்கூடத் தேவையில்லை. கோயிலை ஒட்டிச் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. நான்கு திசைக்கும் இதே பெயர்கள்தான். கோபுரம் எந்தப் பக்கம் என்று நிமிர்ந்து பார்த்தால் வழி தெரிந்துவிடும். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில் வந்த வீதிகள்தான் வெளி வீதியும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். அந்தக் கலெக்டர் நினைவாக நட்ட விளக்குத்தூண் கீழ மாசி வீதிப் பக்கம் இன்னும் நிற்கிறது.

கோயிலிலிருந்து திருமலை நாயக்கர் மகாலுக்கு ஆட்டோ பிடிப்பவர்கள் இழப்பது காசு மட்டுமில்லை. விளக்குத்தூண் வழியாக நடந்தால், இடையில் ஒரு சந்துக்குள் கடைகளுக்கு நடுவே பத்துத் தூண்கள் வானத்தைப் பார்த்து நிற்கும். நாயக்கர் அரண்மனையில் மிஞ்சியது அது. 1636இல் எழுந்த அரண்மனையின் பெரும்பகுதி போய்விட்டது என்று வழிகாட்டி சொல்வதற்கும், ஜவுளி மூட்டைகளுக்கு நடுவில் அந்தத் தூண்களைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. டிக்கெட் கிடையாது, வாசலும் கிடையாது.

பத்து மணிக்கு மேல் கோயிலுக்குப் போவது

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். நிதானமாக எழுந்து, காலை உணவு முடித்து, பத்தரைக்கு மீனாட்சியம்மன் கோயில் வாசலுக்கு வந்தால் சனிக்கிழமைக் கூட்டம் முழுக்க அங்கே இருக்கும். பன்னிரண்டரையை ஒட்டி நடை சாத்திவிடுவார்கள், மறுபடி திறக்க நான்கு மணி ஆகும். அந்தப் பதற்றத்தில்தான் பணம் கட்டும் வரிசைக்குப் போகிறார்கள். விடிகாலை ஐந்து, ஐந்தரைக்குப் போனால் இலவச வரிசையிலேயே சீக்கிரம் தரிசனம் முடிந்துவிடும். பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார இடமும் கிடைக்கும்.

2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்ததற்குப் பிறகு கோயிலுக்குள் செல்போன் கூடாது. வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இங்கேதான் வெளியூர்க்காரர்கள் சிக்குவார்கள். ஒரு கோபுர வாசலில் செருப்பையும் போனையும் கொடுத்துவிட்டு, பிராகாரம் சுற்றித் திசை மறந்து வேறு வாசலில் வெளியே வந்துவிடுவார்கள். உச்சி வெயிலில் வெறுங்காலோடு சித்திரை வீதிக் கல்லில் பாதி கோயிலைச் சுற்ற வேண்டும். உள்ளே போகும்போதே கிழக்கா, தெற்கா என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். கூட வந்தவரைத் தொலைத்தால் கூப்பிடப் போனும் இருக்காது. எங்கே சந்திப்பது என்று முன்பே பேசி வையுங்கள். அரைக்கால் சட்டையோடு வந்து வாசலில் திருப்பி அனுப்பப்பட்டு, பக்கத்துக் கடையில் வேட்டி வாங்குகிறவர்களையும் தினமும் பார்க்கலாம்.

ராத்திரி இன்னொரு முறை போவது நல்லது. ஒன்பது மணிக்கு மேல் சுவாமியை வெள்ளிப் பல்லக்கில் அம்மன் சன்னதிக்குத் தூக்கிக்கொண்டு போகும் பள்ளியறை வழிபாடு தினமும் நடக்கும். நாதஸ்வரம், தீவட்டி எல்லாம் உண்டு. காலையில் ஒரு முறை பார்த்துவிட்டோமே என்று இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். என்னைக் கேட்டால், ஒரு முறைதான் போக முடியும் என்றால் ராத்திரிதான் போக வேண்டும்.

மதியத்தை வீணாக்குவது

கோயில் சாத்திய மதியம்தான் பர்ஸுக்கு ஆபத்தான நேரம். செய்ய ஒன்றுமில்லை என்று மால், ஏசி ஓட்டல், சினிமா என்று போகும். காந்தி மியூசியம் தல்லாகுளத்துப் பக்கம், ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனைக் கட்டடத்தில் இருக்கிறது. நுழைவு இலவசம். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. மதிய உணவுக்குச் சிறிது நேரம் மூடுவார்கள் என்பதால் இரண்டு மணிக்கு மேல் போங்கள். கீழடி அருங்காட்சியகத்துக்கும் மதியம் தோதானது. சிலைமான் வழியாகப் போனால், மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம்தான். செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் 2023இல் திறந்த கட்டடம். பெயர் பொறித்த பானை ஓடுகளை நின்று படிக்கவே ஒரு மணி நேரம் போதாது.

இந்த மதிய வெயிலில் சமணர் மலை ஏறுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கீழக்குயில்குடியில் அய்யனார் கோயிலுக்குப் பின்னால் படி ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்களும் அவற்றின் கீழே வட்டெழுத்துகளும் இருக்கின்றன. இலவசம்தான். ஆனால் நிழல் கிடையாது, மேலே கடையும் கிடையாது. ஞாயிறு காலை ஆறரைக்கு அடிவாரத்தில் இருக்கும்படி பாருங்கள், தண்ணீரை எடுத்துக்கொண்டு போங்கள்.

பெயரைப் பார்த்துச் சாப்பிடுவது

இணையத்தில் பார்த்த கடையை மட்டுமே தேடிப் போய், ஒரு மணி நேரம் காத்திருந்து, இருவர் சாப்பிட ஆயிரம் ரூபாய் கொடுப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. கறி தோசையும் அயிரை மீன் குழம்பும் நன்றாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. அதை ஒரு வேளைக்கு வைத்துக்கொண்டு, மற்ற வேளைகளைத் தெருவுக்கு விடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேலும் மாசி வீதிகளில் ஆவி பறக்க இட்லி ஊற்றிக்கொண்டிருப்பார்கள், நான்கைந்து சட்னியோடு. பரோட்டாக் கடையில் சால்னாவுக்குத் தனிக் காசு இல்லை, கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். சாயங்காலம் தள்ளுவண்டியில் சுக்குத் தட்டிப் போட்ட பருத்திப் பால் ஒரு டம்ளர் குடித்தால் இரவு உணவைத் தள்ளிப்போடலாம். ஜிகர்தண்டா வாங்கும்போது சாதாரணமா, ஸ்பெஷலா என்று கேட்பார்கள். முதல் தடவை குடிப்பவருக்குச் சாதாரணமே நிறைந்துவிடும்.

அப்படியே கொடைக்கானல்

"இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, ஞாயிற்றுக்கிழமை ராமேஸ்வரமோ கொடைக்கானலோ போய்விட்டு வந்துவிடலாம்" என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். இரண்டுமே போக மூன்று, நான்கு மணி நேரம், வரவும் அவ்வளவு. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பஸ் ஜன்னலில் போய்விடும், கார் என்றால் இரண்டு நாள் செலவு ஒரே நாளில் ஆகும். வெளியே போகத்தான் வேண்டும் என்றால் இருபது கிலோமீட்டரில் அழகர்கோயில் இருக்கிறது. மலை, காடு, சுனை, மேலே பழமுதிர்சோலை.

திரும்பும் டிக்கெட் இல்லாமல் வருவது

ஞாயிறு இரவு தென்மாவட்டமே சென்னைக்குக் கிளம்பும். ஆம்னி பஸ் கட்டணம் அன்றைக்குத்தான் எகிறும்; வந்த செலவைப் போல இரண்டு மடங்கு திரும்பப் போவதற்கே ஆகும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. முதலில் ஞாயிறு இரவு டிக்கெட்டை எடுத்துவிட்டு, அது கிடைத்தால் வெள்ளி இரவுக்கு எடுங்கள். கிடைக்காவிட்டால் தூங்கும் வசதிப் பெட்டிக்கான தட்கல் முந்தின நாள், அதாவது சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குத் திறக்கும். அந்த நேரத்தில் போனைக் கோயில் வாசலில் ஒப்படைத்துவிட்டு உள்ளே நிற்காதீர்கள்.